ஏவுதற் கருத்தா

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்,
பெங்களூரிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர் விட்டுப்போனது.
காரணத்தையும் விளைவையும் ஆங்கிலத்தில் கோக்க
இருபத்திரண்டு கொக்கிகள்.
ட்யூ டு. லெட் டு. ரிசல்ட்டட் இன்.
ஓரத்தில் டீ டம்ளர் வட்டம்.

ராத்திரி பதினொன்றரை.
காவேரிப்பட்டணம் சாலையில் லாரிகள் வரிசை.
தோத்தாபுரி நின்றபடியே பழுத்துக்கொண்டிருக்கிறது,
அதற்கு ரிப்போர்ட் பற்றித் தெரியாது.
விடிவதற்குள் ராட்டர்டாமுக்குப் போகவேண்டும் என்றார் மேனேஜர்.
எட்டு வரி.
எட்டு வரிக்குள் நாகவேணியின் மோதிர விரல்.

முதல் வரி சுலபம்.
ஆபரேட்டரின் கவனக்குறைவு, ட்யூ டு, காயம் ஏற்பட்டது.
ட்யூ டு போட்டால் போதும்
வாக்கியம் தன் கையைத் தானே கழுவிக்கொள்கிறது.
யாரும் எதுவும் செய்யவில்லை.
ஏற்பட்டது,
கிரகணம் ஏற்படுவதுபோல.

ஆங்கிலத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை.
ஆம்புலன்சில் நாகவேணி என்ன சொன்னாள்?
"வெரலு போயிடுச்சு முபீனாக்கா."
பஸ் போயிடுச்சு, கரன்ட் போயிடுச்சு என்கிற அதே குரலில்.
கிருஷ்ணகிரி ஜிஎச்சில்
எப்படி ஆச்சு என்று எழுதக் கேட்ட நர்சிடம்
"என் நேரம்" என்றாள்.
தாளில் அது இல்லை.
இருபத்து மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பெட்டியில் ஐந்து முறை ஏன் கேட்கவேண்டும்.
கை ஏன் உள்ளே போனது? கொட்டை சிக்கியது.
மெஷின் ஏன் நிற்கவில்லை?
மூடியைத் திறந்தால் நிறுத்துகிற சென்சார்
வெள்ளை நைலான் டேக்கால் கட்டியிருந்தது.

கட்டியிருந்தது.
பார், நானும்தான்.

கட்டியவர் ஓபுளேசன்.
ஏன் கட்டினார்?
ஒரு தடவை நின்றால் மறுபடி ஓட ஏழு நிமிஷம்.
ஏழு நிமிஷத்துக்கு என்ன அவசரம்?
இன்றைக்கு மட்டும் பதினாலு தடவை நின்றது,
வியாழக்கிழமை கன்டெய்னர் துறைமுகத்தில் இருக்கவேண்டும்.
அது ஏன் வியாழக்கிழமை
என்று கேட்பதற்குள் பெட்டி தீர்ந்துவிட்டது.
ஐந்துக்குத்தான் இடம்.

பர்கூரில் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வேற்றுமை.
தச்சனால் கோயில் கட்டப்பட்டது: இயற்றுதற் கருத்தா.
அரசனால் கோயில் கட்டப்பட்டது: ஏவுதற் கருத்தா.
செய்தவன் ஒருவன், செய்யச் சொன்னவன் ஒருவன்,
இரண்டு பேருக்கும் ஒரே ஆல்.
வீட்டில் உருது பேசிவிட்டு வந்து
இரண்டு மார்க்குக்காக இதை உருப்போட்டேன்.
இப்போது கண்ணாடிமேல் விரல் வைத்து
ஒவ்வொரு கொக்கியாகப் பார்க்கிறேன்.
தச்சனுக்குப் பதினெட்டாவது சொல் பொருந்தும்.
அரசனுக்கு ஒன்றுமில்லை.
ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை,
மேட் ஹிம் டூ இட் என்று எனக்கே தெரியும்.
தாளில்தான் இல்லை.

போனை எடுத்து குரூப்பில் மேலே தள்ளுகிறேன்.
மாலை நான்கு இருபது.
"லைன் நிற்கக் கூடாது. எப்படியாவது ஓட்டுங்க."
மேனேஜர் சொன்னது, தட்டியது நான்.
அதன் கீழே பதிலாக ஓபுளேசன் போட்ட
மஞ்சள் நிறக் கட்டைவிரல்,
முழுசாக.

அரசனுக்கும் தச்சனுக்கும் நடுவே
ஓலை கொண்டுபோனவனுக்கு
இலக்கணம் பெயர் வைத்ததா?
புத்தகத்தில் பார்த்த ஞாபகமில்லை.

கவனக்குறைவை அழித்தேன்.
ஓபுளேசன் என்று அடித்தேன்.
அவருக்கு ஜூலையில் பெண்ணின் ஃபீஸ் கட்டவேண்டும்,
அதையும் அழித்தேன்.
கர்சர் துடிக்கிற இடம் காலியாகவே கொஞ்ச நேரம் இருந்தது.
கடைசி வரியில், தயாரித்தவர் என்பதற்கு எதிரே,
என் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.
அதை வெட்டி மேலே கொண்டுவந்து
முதல் வாக்கியத்தின் எழுவாயாக ஒட்டிப் பார்த்தேன்.
பிறகு ஒரு கமா.
கமாவுக்குப் பிறகு மேனேஜரின் முழுப்பெயர், இனிஷியலோடு.
வினைச்சொல் இன்னும் போடவில்லை.

மணி ஒன்று பத்து.
சுவருக்கு அந்தப் பக்கம் லைன் ஓடுகிறது.
ஓடுகிறதா?
யாரோ ஓட்டுகிறார்கள்.